கல்லை ஈரும் கம்பி

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் நாட்டுப் பழமொழி. முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்த யான் இப்பழமொழியை எத்தனையோ மாணவர்க்கு விளக்கியிருக்கிறேன்; விரித்து எழுதுமாறு பணித்து மதிப்பெண்ணும் இட்டிருக்கிறேன். ஆயினும், எறும்பு ஊர்ந்து தேய்ந்த கல் ஒன்றையும் என் வாழ்நாளில் யான் கண்டதில்லை. கம்பி ஊர்ந்து ஒரு குன்றின் தோள் அற்று விழுந்ததைச் சென்ற தைத் திங்களில் கண்டேன். கண்ட இடம் கிருட்டிணகிரி மாவட்டத்திலுள்ள ஒரு கற்குவாரி. காட்டியவர், எட்டாம் வகுப்பில் என்னிடம் பயின்ற பழைய மாணவர் ஒருவர். அவரைப்பற்றி முதலில் ஒன்று சொல்லவேண்டும். அதனைச் சொல்லாமல் மேலே செல்ல என் மனம் ஒப்பவில்லை.

அது 1985ஆம் ஆண்டு. அந்நாளில் கிருட்டிணகிரி தனி மாவட்டமாகவில்லை; தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. குன்றின் அடிவாரத்தில் இருந்த ஊர்ப் பள்ளி ஒன்றில் யான் பணியாற்றினேன். புலவர் பட்டம் பெற்று வந்த புதிது. எழுத்துப்பிழை கண்டால் என் உள்ளம் பொறுக்காது. ஒருநாள் ‘எங்கள் ஊர்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். அம்மாணவன், “எங்கள் ஊரில் பெரிய பாரை இருக்கிறது. என் அப்பா பாரையில் வேலை செய்கிறார்” என எழுதியிருந்தான். வல்லின றகரம் இட்டுப் ‘பாறை’ என எழுதவேண்டிய இடம் அது. இடையின ரகரம் இட்ட ‘பாரை’, கல்லை நெம்பிப் பெயர்க்கும் இரும்புக்கோலைக் குறிக்கும். கடப்பாரை என்னும் சொல்லில் நிற்பது அதுவே. அவன் தந்தையார் உளியும் சம்மட்டியும் கொண்டு கல் உடைப்பவர். யான் அவனை எழுப்பி நிறுத்தி, “பாறைக்கும் பாரைக்கும் வேற்றுமை அறியாத நீ கல்லுடைக்கத்தான் போகிறாய்!” என்றேன்.

வகுப்பு முழுதும் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்தவாறு நின்றான். விடுமுறை நாள்களில் தந்தைக்குத் துணையாய் உழைத்துக் காய்த்துப்போன கைகள் அவை என்பதைப் பின்னரே அறிந்தேன். சில ஆண்டுகள் கழித்து, அவன் தந்தையார் நெடுநாள் இருமிக் கிடந்து இறந்தார் எனக் கேள்வியுற்றேன். அப்பொழுதும் யான் சென்று பார்த்தேனில்லை.

அந்த மாணவர் இன்று ஐம்பதைக் கடந்தவர். தொழிற்பயிற்சி பெற்று, கல்லறுக்கும் பொறிகளை இயக்கும் குழுவுக்குத் தலைவராக இருக்கிறார். “ஐயா, ஒருமுறை எங்கள் குவாரியை வந்து பார்க்கவேண்டும்” என்று அவர் தொலைபேசியில் அழைத்தபொழுது, குரலைக் கேட்டதும் என் நினைவுக்கு வந்தது அவ்வகுப்பறையே. மறுக்க இயலாது சென்றேன்.

வெடியோசையும் சம்மட்டியோசையும் செவியைப் பிளக்கும் என்று எண்ணிச் சென்ற எனக்கு அங்கே கேட்டது வேறோர் ஒலி. பெருந்தேனீக் கூட்டம் ஒன்று பாறைக்குள் புகுந்துகொண்டு முரல்வதுபோல் இருந்தது அது. அதனோடு நீர் சலசலத்து ஓடும் ஓசையும் கலந்து வந்தது. பாறையின் அடியிலிருந்து சாம்பல் நிறச் சேறு வழிந்துகொண்டிருந்தது. அறுபட்ட கல்லின் தூள் நீரில் குழைந்து அவ்வாறு வருகின்றது என்றார் மாணவர். “அறுப்பதைப் பிறகு பார்க்கலாம், ஐயா. அறுப்பதற்கு முன்னால் நாங்கள் செய்வதை முதலில் பாருங்கள்” என்று கூறி, இன்னும் கைவைக்கப்படாத ஒரு பாறை முகத்திற்கு என்னை அழைத்துச் சென்றார்.

அங்கே முதியவர் ஒருவர் சிறு சுத்தியலால் பாறையை ஆங்காங்கே தட்டிச் செவிமடுத்துக்கொண்டிருந்தார். கணீரென்று ஒலித்தால் உள்ளே குறையில்லை. மழுங்கி ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத பிளவு உண்டு. வெண்ணிற நரம்பு எங்கே ஓடுகிறது, கருமுடிச்சு எங்கே கிடக்கிறது, மழைநீர் எந்த வெடிப்பில் இறங்குகிறது என்பனவற்றை எல்லாம் சுண்ணக்கோலால் குறித்தார். பாறை எப்பக்கமும் ஒரே தன்மையதாகத் தோன்றினும், அதற்கு எளிதிற் பிளக்கும் திசை ஒன்று உண்டாம். சற்று முரண்டும் திசை ஒன்று. சிறிதும் இணங்காத திசை ஒன்று. இம்மூன்றையும் அறியாமல் கம்பியைக் கோப்பவன், கல்லையும் பொருளையும் ஒருங்கே இழப்பான் என்றார் அம்முதியவர். பள்ளிக்கூடம் சென்று படித்தவரல்லர் அவர்.

எனக்கு ஒன்று தோன்றியது. போரில் பட்ட வீரனுக்கு நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி முதலாக வாழ்த்தல் ஈறாக ஆறு துறைகளாகக் கூறுகிறது. கிருட்டிணகிரி, தருமபுரிப் பகுதிகளில் அத்தகைய நடுகற்கள் மிகுதி. ‘காட்சியாவது கல்லைக் காணுதல்’ என்று மாணவர்க்கு ஓராண்டு தவறாமல் உரைத்துவந்தேன். கல்லைக் காண்பதில் என்ன அருமை இருக்கிறது, அதனை ஒரு துறையாக வைப்பானேன் என்று எந்த மாணவனாவது கேட்டிருந்தால் யான் விழித்திருப்பேன். நல்வாய்ப்பாக ஒருவனும் கேட்கவில்லை.

பின்னர்ப் பொறியிருக்கும் இடம் சென்றோம். முதலில் துளைகளைக் காட்டினார். பாறையின் மேற்புறத்திலிருந்து செங்குத்தாகக் கீழே ஒரு துளை. முன்முகத்தின் அடியிலிருந்து கிடையாக உள்ளே ஒரு துளை. இரண்டும் பாறையின் வயிற்றில், கண்காணா இடத்தில், ஒன்றையொன்று சந்திக்கவேண்டும். சிறிது பிறழ்ந்தாலும் உழைப்பு வீண். சந்தித்தபின், மேல்துளையில் ஒரு நூற்கயிற்றை நீரோடு விட்டு, கீழ்த்துளை வழியாக அதனைக் கொக்கியால் இழுத்தெடுப்பர். அக்கயிற்றின் நுனியில் அறுக்கும் கம்பியைக் கட்டி இழுத்தால், கம்பி மேலே புகுந்து கீழே வெளிவரும். ஊசியில் நூல் கோப்பதற்கும் இதற்கும் முறையில் வேற்றுமையில்லை. ஊசி மட்டும் மலை.

தேய்ந்துபோன பழங்கம்பி ஒன்றை என் கையில் தந்தார். எஃகுப் புரிகளால் ஆன வடம் அது. அதில் உருத்திராக்க மாலைபோல மணிகள் கோக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு மணியும் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது. கருங்கல்லை அறுக்கும் கம்பியில் மீட்டருக்கு 40 மணிகள் அளவில் இருக்கும். மணிக்கும் மணிக்கும் இடையே நெகிழி உறை. உலோகத்தூளோடு செயற்கை வைரத்துகள் கலந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கி மணிகளைச் செய்கின்றனர். கல்லோடு உராய்ந்து வைரத்துகள் மழுங்கி உதிர, அதனைப் பற்றியிருந்த உலோகமும் தேய்ந்து, அடியிலிருக்கும் புதிய துகளை வெளிக்காட்டும். தேய்வதனாலேயே கூர்மை பெறும் கருவியை அன்றுதான் கண்டேன்.

கம்பியின் இரு முனைகளையும் இணைத்து வளையமாக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பூண் இட்டு நெரித்து இணைக்கும் முன், மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று வீதம் கம்பியை முறுக்குகின்றனர். முறுக்காது விட்டால் மணிகள் ஒருபக்கமே தேய்ந்து பயனற்றுப்போகும். முறுக்கினால் அவை சுழன்று சுழன்று எப்பக்கமும் ஒப்பத் தேயும். இவ்வாறு அமைந்த வளையத்தைப் பொறியின் பெருஞ்சக்கரத்தில் மாட்டுகின்றனர். சக்கரம் சுழல, கம்பி நொடிக்கு 25 மீட்டர் அளவில் பாய்கின்றது. அஃதாவது, மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம். பாறைக்குள் கிடக்கும் கம்பி உள்ளிருந்து அறுத்துக்கொண்டே வெளிமுகம் நோக்கி வரும். வர வர வளையம் தளரும். தளரத் தளர, தண்டவாளத்தின்மேல் நிற்கும் பொறி பின்னோக்கி நகர்ந்து அதனை இறுக்கமாக வைத்திருக்கும். நீர் ஒருகணமும் நிற்றல் ஆகாது. நின்றால் மணிகள் வெந்துபோகும். தூளும் வெட்டுவாயை அடைத்துவிடும்.

அன்று அறுத்துக்கொண்டிருந்த முகம் 6 மீட்டர் உயரமும் 8 மீட்டர் ஆழமும் உடையது. மணிக்கு நான்கைந்து சதுர மீட்டர் அறுபடுகிறது என்றனர். விரற்பருமனுள்ள வெட்டுவாய் ஒன்றே பாறையில் இழக்கப்படும் பகுதி. அறுபட்ட முகமோ தேய்த்த பலகைபோல் இருந்தது.

தமிழில் அறுக்கும் வாளுக்கு ‘ஈர்வாள்’ என்று பெயர். ஈர்தல் என்றால் அறுத்தல். ஈர்த்தல் என்றால் இழுத்தல். ஒற்று ஒன்று மிக, பொருள் வேறாகிவிடும் என்று வகுப்பில் எச்சரிப்பது என் வழக்கம். இப்பொறியின் முன் நின்றபொழுது, அவ்விரண்டும் ஒரே செயலின் இருபுறம் என்பது விளங்கியது. ஈர்த்தாலன்றி அக்கம்பி ஈராது. என் எச்சரிக்கையில் பிழையில்லை. ஆனால் அஃது அரைகுறை.

மணல், நீர், இழுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் கல் அறுபடும் என்பது புதிய அறிவன்று. பளிங்கை அறுப்பது இரும்பு வாள்போலத் தோன்றினும், உண்மையில் அறுப்பது அதன் கீழ் உருளும் மணலே என்பதை, முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி எடுத்துரைத்திருக்கிறார். இத்தாலி நாட்டில் கராரா என்னும் மலைப்பகுதி பளிங்குக்குப் பெயர்பெற்றது; மைக்கலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கிய தாவீதின் சிலைக்கு உரிய கல் அங்கிருந்து வந்ததே. அம்மலைகளுக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கம்பி வாள் வந்துசேர்ந்தது. அது மணியில்லாத கம்பி. மூன்று எஃகிழைகளை முறுக்கி, நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்திற்கு மலைச்சரிவெங்கும் கப்பிகளின்மேல் ஓடவிட்டு, வெட்டுவாயில் மணலும் நீரும் ஊட்டிக்கொண்டே இருப்பர். அத்துணை நீளம் எதற்கு என்றால், சூடேறிய கம்பி சுற்றிவருவதற்குள் ஆறவேண்டும் என்பதற்காக. 1950களில் செயற்கை வைரம் ஆக்கும் முறை கைவந்தபின், மணலின் இடத்தை வைரம் பெற்றது. வைரமணி கோத்த கம்பி 1978இல் கராராவில் பளிங்கை அறுக்கத் தொடங்கியது. கருங்கல் பளிங்கினும் மிக வலியது ஆதலால், அதற்கேற்ற மணிகள் சற்றுப் பின்னரே அமைந்தன.

இவற்றை மாணவர் எனக்குச் சொல்லிக்கொண்டு வருகையில்தான் அந்நிகழ்ச்சி நேர்ந்தது. வெட்டுவாய் உள்ளே எப்படி இருக்கிறது என்று காணும் ஆவலால், யான் அவரை விட்டு நாலடி முன்னே சென்று, கம்பி ஓடும் நேர்க்கோட்டில் குனிந்து பார்த்தேன். “ஐயா! அங்கே நிற்காதீர்கள்!” என்று ஓர் உரத்த குரல். அடுத்த கணம் என் தோளைப் பற்றி எவரோ பின்னே இழுத்தனர். திரும்பினால், மாணவர். முகம் வெளிறியிருந்தது. பொறியை நிறுத்தச்சொன்னார். என்னைச் சினந்துகொண்டார் என்றே சொல்லவேண்டும். அவருடைய ஆட்கள் பத்துப்பேர் பார்த்துக்கொண்டிருந்தனர். சிறுவன்போல் தலைகவிழ்ந்து நின்றேன்.

பின்னர்க் குரல் தணிந்து, பொறியின் முன்னே நிறுத்தியிருந்த இரும்புத் தகடு ஒன்றைக் காட்டினார். அதில் சுண்டுவிரல் நுழையத்தக்க துளை ஒன்று இருந்தது. ஓடும் கம்பி சில வேளைகளில் அற்றுப்போகும். அற்ற கம்பி சாட்டைபோல் வீசும். முனையிலுள்ள மணிகள் கழன்று துப்பாக்கிக் குண்டுபோல் பறக்கும். பறப்பது பெரும்பாலும் கம்பி ஓடும் நேர்க்கோட்டிலேயே. ஆதலால், பொறியை இயக்குபவர் விலகி நின்று பக்கவாட்டில்தான் இயக்குவார். “சென்ற ஆண்டு ஒரு மணி இந்தத் தகட்டைத் துளைத்தது. தகடு இல்லையென்றால் பின்னால் நின்ற பையன் இல்லை, ஐயா” என்றார்.

வேப்பமர நிழலில் அமர்ந்து தேநீர் அருந்தினோம். தந்தையாரைப்பற்றி அவராகவே பேசினார். அந்நாளில் பாறையில் வரிசையாகத் தமர் அடித்து, ஆப்பு வைத்துச் சம்மட்டியால் மாறி மாறி அறைவார்கள். பெரிய பாறையாயின் வெடி வைப்பார்கள். வெடியின் அதிர்ச்சி கல்லுக்குள் எங்கும் பரவிக் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். மலையளவு உடைத்தும் குறையற்ற கல் சிறிதளவே தேறும். பிறகு காற்றழுத்தத் துளைப்பொறி வந்தது. தமர் விரைந்து இறங்கியது. புழுதியும் விரைந்து எழுந்தது. கருங்கல்லில் கலந்துள்ள படிகத்தின் நுண்துகள் மூச்சோடு சென்று நுரையீரலில் தங்கித் தழும்பாக்கும். சிலிக்கோசிசு என்று மருத்துவர் கூறும் அந்நோயை முற்றும் தீர்க்கும் மருந்து இன்றும் இல்லை. “அப்பாவின் தலைமுடி, புருவம் எல்லாம் மாலையில் வெள்ளையாக இருக்கும். கிழவர் வேடம் போட்டவர்போல் இருக்கிறாய் என்று அம்மா சிரிப்பாள்” என்றார் மாணவர். சிறிது நேரம் பேசவில்லை.

நீரில் நனைந்தே அறுபடுவதால் கம்பி வாளில் அப்புழுதி எழுவதில்லை. ஆனால், கம்பிக்கு வழி செய்யும் துளையை இன்னும் துளைப்பொறிதான் இடவேண்டும்; அறுத்த பெரும்பாளத்தைச் சிறு பாளங்களாகப் பிளப்பதற்கும் தமரும் ஆப்பும் வேண்டும். துளைப்பொறிக்கும் நீர் ஊட்டினாலன்றி வேலை தொடங்குவதில்லை என்பது மாணவரின் உறுதி. கோடையில் நீர் வண்டி வாராத நாளில் பொறி ஓடாது. அவ்வாறு நிறுத்தியதற்காக முன்பு ஓரிடத்தில் வேலையையும் இழந்திருக்கிறார். இதனை அவர் சொல்லவில்லை. சுத்தியலால் தட்டிப்பார்த்த முதியவர் என்னிடம் தனியே சொன்னார்.

“கழிவு குறைந்துவிட்டதே, இனி மலைகள் பிழைக்கும் அன்றோ?” என்று கேட்டேன். அவர் தலையசைத்தார். “குறைந்த கழிவில் அறுக்கலாம் என்றால், விரைவாக அறுக்கலாம் என்றும் பொருள்தானே, ஐயா? எந்த மலையில் கை வைக்கக்கூடாது என்று கம்பிக்குத் தெரியாது. அதை மனிதர்தான் சொல்லவேண்டும்.” மதுரைக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டிக் குன்றுகளை எண்ணிக்கொண்டேன். தமிழி எழுத்தில் அமைந்த பழங்கல்வெட்டும், சமண முனிவர் வாழ்ந்த குகையும், குடைவரைக் கோயிலும் உடைய அவ்விடம் 2022இல் பல்லுயிர் மரபிடமாக அறிவிக்கப்பெற்றது. பாறைகள் எல்லாம் வெறும் பாறைகள் அல்ல. இதில் அவருக்கும் எனக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

எழுந்தபொழுது மாணவர் ஒரு தகரப் பலகையையும் வண்ணக் கலத்தையும் கொணர்ந்தார். “படித்தவர் நீங்களே அங்கே போய் நின்றீர்கள். எச்சரிக்கைப் பலகை ஒன்று வைக்கவேண்டும். நல்ல தமிழில் நீங்களே எழுதித் தாருங்கள்” என்றார். யான் மகிழ்ந்து, சிறிது சிந்தித்து, ‘கம்பி இயங்குங்கால் அதன் நேர்நின்று நோக்கற்க’ என்று தாளில் எழுதித் தந்தேன். அவர் அதனைப் படித்துப்பார்த்தார். பணிவு குன்றாமல், “ஐயா, ‘நோக்கற்க’ என்பதைப் படித்து முடிப்பதற்குள் மணி வந்து நெற்றியில் பாய்ந்துவிடும்” என்றார். சுற்றி நின்றவர் சிரித்தனர், யானும் சிரித்தேன். ‘கம்பி ஓடுகிறது. நேரே நிற்காதே’ என்று அவரே பலகையில் எழுதினார். ஒடிசாவிலிருந்து வந்த ஆட்கள் நால்வர் அங்கிருந்தனர். அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆதலால், நிற்கும் மனிதன் ஒருவனை வரைந்து அவன்மேல் சிவப்புக்கோடு ஒன்று கிழித்தார். இடம் மீதியிருந்தது. ‘பாறைக்கு அருகில் வராதே’ என்று சேர்த்தவர், றகரத்தை எழுதி நிறுத்தி, என் பக்கம் திரும்பி, “இந்த ‘ற’தானே, ஐயா?” என்றார்.

நாற்பது ஆண்டுகளாக என்னுள் கிடந்தது அப்பொழுது வெளிவந்தது. “அன்று வகுப்பில் யான் சொன்ன சொல் பெரும்பிழை. உன் தந்தையார் உயிரோடு இருக்கும்போதே வந்து சொல்லியிருக்கவேண்டும்” என்றேன். நீங்கள் என்று அழைக்கவேண்டியவரை என்னை அறியாமல் நீ என்று அழைத்துவிட்டேன்.

அவர் தூரிகையை நனைத்துக்கொண்டே, “கல்லுடைக்கப் போவாய் என்றீர்களே, அதுவா? நான் உடைக்கவில்லை, ஐயா. அறுக்கிறேன்” என்றார். பின்னர்ச் சற்றுப் பொறுத்து, “அப்பாவிடம் அன்றே சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: எந்த ‘ற’ என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தாரா?” என்றார்.

மாலை ஐந்து மணிக்குக் கடைசி வெட்டு முடிந்தது. பின்புறமும் பக்கங்களும் அடியும் முன்னரே அறுக்கப்பட்டுத் தனித்து நின்றது அப்பாளம். அது விழவேண்டிய இடத்தில் மண்ணும் கற்பொடியும் மெத்தைபோல் கொட்டிப் பரப்பியிருந்தனர். பின்புற வெட்டுவாயில் தட்டையான பைகளைச் செருகிக் காற்றை ஏற்றினர். எல்லோரையும் எண்ணிப் பார்த்து விலக்கி நிறுத்தினார் மாணவர். என் கையை மட்டும் விடவில்லை. பைகள் பருத்தன. பாளம் முதலில் அசைந்ததாகவே தோன்றவில்லை. பிறகு அதன் தலைக்கும் குன்றுக்கும் இடையே வானத்தின் கீற்று ஒன்று தெரிந்தது, அது விரிந்தது. அவ்வளவு பெரிய கல் ஓசையின்றிச் சாய்ந்து, மண்மெத்தையில் விழுந்தபொழுது எங்கள் காலடி நிலம் ஒருமுறை அதிர்ந்தது. முதியவர் எல்லோர்க்கும் முன்னே சென்று, சுத்தியலால் அதனைத் தட்டிச் செவிமடுத்தார். கணீரென்றது.